சட்டைப்பை டிஜிட்டல் டைரியின் இடத்தைக் குட்டி லேப்டாப் பிடிக்குமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. நீங்கள் கட்டட சைட்டுகளைப் பார்த்துக்கொள்ளும் சூப்பர்வைசர். கொத்தனார், கம்பி கட்டுபவர், ரெடிமிக்ஸ் கம்பெனி என்று எல்லோருடைய நம்பரும், கான்கிரீட் போடும் தேதிகளும், அட்வான்ஸ் கொடுத்த கணக்கும் பாம் (Palm) கம்பெனியின் பழைய டிஜிட்டல் டைரி ஒன்றில்தான் இத்தனை வருடமாக இருக்கின்றன. இப்போது அதன் தொடுதிரை ஓர் இடத்தைத் தொட்டால் இன்னோர் இடத்தைத் திறக்கிறது. ஏழு அங்குலத் திரையோடு வரும் குட்டி லேப்டாப் ஒன்றைப் பார்த்திருக்கிறீர்கள். எக்ஸெல் ஓடும், டிராயிங் திறக்கும், அப்புறம் டைரியையும் அதிலேயே வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்கிறீர்கள். போனில் வைக்க மனமில்லை, அதைக் கையில் எடுத்தாலே ஏதாவது அழைப்போ வாட்ஸ்அப்போ இழுத்துக்கொண்டு போய்விடுகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

நாட்காட்டி, முகவரி, குறிப்பு மூன்றையும் எந்தக் கம்ப்யூட்டரும் செய்துவிடும். அதில் சந்தேகமே வேண்டாம். சாரத்துக்குக் கீழே நின்றபடி, ஒரு கையில் போனைக் காதில் வைத்துக்கொண்டு, மறு கையால் எடுத்தவுடன் அது திறக்குமா, விடியற்காலை ஐந்தரைக்கு உங்களை எழுப்புமா என்பதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டியது. பஸ் டிக்கெட் கருவி, மின் மீட்டர் கணக்கெடுக்கும் கருவி மாதிரி கையடக்கச் சாதனங்களுக்குள் ஓடும் மென்பொருள் எழுதுவதுதான் பல வருடமாக என் தொழில். அதனால் பேட்டரி, தூக்கம், விழிப்பு பற்றி உறுதியாகச் சொல்ல முடியும். நீங்கள் பார்த்து வைத்திருக்கும் குறிப்பிட்ட மாடல் எப்படி நடந்துகொள்ளும் என்பதை அதைக் கையில் வைத்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எஸ்டிமேட் போடவும் டிராயிங் பார்க்கவும் வேண்டுமென்றால் அதைத் தாராளமாக வாங்குங்கள். டைரிக்குப் பதிலாக வாங்காதீர்கள்.

காரணம் புரிய, உங்கள் கையில் இருக்கும் பாமையே கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். திரைக்குக் கீழே நான்கு பட்டன்கள் இருக்கும்: நாட்காட்டி, முகவரி, செய்ய வேண்டியவை, குறிப்பு. கருவி அணைந்திருக்கும்போது அவற்றில் எதை அழுத்தினாலும் அது விழித்து, நேரே அந்தப் பக்கத்தைக் காட்டும். முகவரிப் பட்டனை அழுத்தி இரண்டு எழுத்து கிறுக்கினால் ஆளின் பெயர் வந்து நிற்கும். நம்பரைப் பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் போட்டுவிடலாம். எதையும் சேமிக்க வேண்டாம், மூட வேண்டாம். இது தற்செயலாக அமைந்ததில்லை. இதை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ், கருவி பிறப்பதற்கு முன்பே அதே அளவில் மரக்கட்டை ஒன்றை வெட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். யாராவது சந்திக்க நேரம் கேட்டால் அந்தக் கட்டையை எடுத்து, குச்சியால் அதன்மேல் எழுதுவதுபோல் பாவனை செய்து பார்ப்பார். ஒரு வேலைக்கு எத்தனை தட்டு ஆகும், அத்தனை தட்டுக்கு மனிதன் பொறுப்பானா என்பதைப் பார்த்துத்தான் பாம் பைலட் வடிவமைக்கப்பட்டது.

அது 1996-இல் சந்தைக்கு வந்தபோது உள்ளே இருந்தது 16 மெகாஹெர்ட்ஸ் வேகமுள்ள மோட்டோரோலா டிராகன்பால் சிப். முதல் மாடலின் நினைவகம் 128 கிலோபைட், அதற்கு மேல்மாடலில் 512 கிலோபைட். திரையில் 160-க்கு 160 புள்ளிகள். இரண்டு சின்ன ஏஏஏ செல் போட்டால் வாரக்கணக்கில் ஓடும். இவ்வளவு எளிய கருவி இத்தனை நாள் ஓடியதற்குச் சிப் மெதுவானது என்பது மட்டும் காரணமில்லை. நீங்கள் திரையைப் பார்த்து யோசித்துக்கொண்டிருக்கும்போது சிப் வேலையை நிறுத்திவிடும். ஒரு தட்டு விழுந்தால் விழிக்கும், அதைக் கவனிக்கும், மறுபடி நின்றுவிடும். அணைத்த பிறகும் நினைவகத்துக்கும் கடிகாரத்துக்கும் மட்டும் மிகச் சிறிய மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். கருவியோடு வந்த நிரல்களெல்லாம் அழியாத சிப்பில் இருந்த இடத்திலிருந்தே ஓடும். வட்டிலிருந்து எடுத்து நினைவகத்தில் ஏற்றும் வேலையே கிடையாது. உங்கள் தகவலும் எப்போதும் நினைவகத்திலேயே இருக்கும். கோப்பைத் திறப்பது, மூடுவது என்ற பேச்சே அதில் இல்லை.

இதையே மின்சாரக் கணக்காகப் பாருங்கள். இரண்டு ஏஏஏ செல்லில் இருப்பது ஏறக்குறைய 3 வாட்-மணி. இன்றைய குட்டி லேப்டாப் வகையைத் திரும்பப் பிரபலமாக்கியவற்றில் ஒன்று, 2017-இல் வந்த ஜிபிடி (GPD) பாக்கெட். அதன் பேட்டரி 7000 மில்லி ஆம்பியர்-மணி, அதாவது சுமார் 26 வாட்-மணி. எட்டு ஒன்பது மடங்கு பெரிய பேட்டரி இருந்தும் அது ஒரு பகல் முழுக்க ஓடினாலே நல்லது. உறங்கும்போதும் லேப்டாப் சும்மா இருப்பதில்லை. அரை வாட் மட்டும் குடிக்கிறது என்று வைத்துக்கொண்டாலும் 24 மணி நேரத்தில் 12 வாட்-மணி போய்விடும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மூடி வைத்ததைத் திங்கட்கிழமை காலையில் திறந்தால் உயிர் இருக்காது.

முழுக்க அணைத்துவிடலாமே, நினைவகத்தில் இருப்பதை வட்டில் எழுதிவிட்டு உறங்கும் ஹைபர்நேட் முறை இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. அதிலிருந்து எழுந்து, கடவுச்சொல்லோ கைரேகையோ கேட்டு, நாட்காட்டியைத் திறந்து காட்டுவதற்குள் அரை நிமிடம் போய்விடும். மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கு அரை நிமிடம் பெரிய விஷயமில்லை. உங்களுக்கு, ரெடிமிக்ஸ் ஆள் போனில் “லாரி நாளைக்கு எத்தனை மணிக்கு சார்?” என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கிறார். அந்த அரை நிமிடத்தில் “அப்புறம் கூப்பிடுகிறேன்” என்று சொல்லிவிடுவீர்கள். கொஞ்ச நாள் கழித்துத் தேதிகளைக் கையில் கிடைத்த சிமென்ட் பில்லின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்துவிடுவீர்கள். டைரிப் பழக்கம் விட்டுப்போவது பெரும்பாலும் இப்படித்தான். எடுக்கச் சிரமமான கருவியில் யாரும் தொடர்ந்து எழுதுவதில்லை.

இதைவிட முக்கியமானது அலாரம். இதைப் பெரும்பாலானவர்கள் வாங்கும்போது யோசிப்பதே இல்லை. பாமில் காலை 5.30-க்கு அலாரம் வைத்தால் கருவி அணைந்திருந்தாலும் அந்த நிமிடத்தில் கடிகாரம் சிப்பை எழுப்பிவிடும், அது கத்தும். விண்டோஸில் அலாரம் செயலி இருக்கிறது. ஆனால் கம்ப்யூட்டர் விழித்திருந்தால்தான் அறிவிப்பு வரும் என்று அந்தச் செயலியே எச்சரிக்கிறது. லேசாக விழித்தபடியே உறங்கும் ‘மாடர்ன் ஸ்டாண்ட்பை’ முறை உள்ள சில மாடல்கள் உறக்கத்திலிருந்து எழுந்து ஒலிக்கும், அதுவும் சார்ஜரில் செருகியிருந்தால்தான் நம்பலாம். குறித்த நேரத்தில் கம்ப்யூட்டரை எழுப்ப விண்டோஸில் தனி அமைப்பு இருப்பது உண்மைதான். ஆனால் பேட்டரியில் ஓடும்போது அது பெரும்பாலும் முடக்கப்பட்டே இருக்கும். முடக்கியதற்கும் நியாயமான காரணம் உண்டு: மூடிய பைக்குள் லேப்டாப் தானாக விழித்துக்கொண்டால் சூடேறி, பேட்டரியைக் காலி செய்து, சில சமயம் கையே வைக்க முடியாத அளவுக்குக் கொதிக்கும். ஹைபர்நேட்டில் போட்டுவிட்டால் அலாரத்தை நம்பவே முடியாது. ஸ்லாப் போட்ட மறுநாள் தண்ணீர் கட்டச் சொல்ல வேண்டும், குறித்த நாளில் பலகை பிரிக்கச் சொல்ல வேண்டும் என்பதை நினைவூட்டுவது உங்கள் டைரியின் உயிரான வேலை. அதை உறங்கும் லேப்டாப்பிடம் ஒப்படைக்காதீர்கள்.

அப்படியானால் கம்ப்யூட்டர் என்றாலே டைரியாக முடியாதா? முடியும், முடிந்திருக்கிறது. எச்பி நிறுவனம் 1994-இல் கொண்டுவந்த 200எல்எக்ஸ் இரண்டு ஏஏ செல்லில் ஓடிய, விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளம் கொண்ட முழு கம்ப்யூட்டர். சட்டைப்பையில் கொஞ்சம் திணித்துத்தான் வைக்க வேண்டும், எடை 300 கிராமுக்குச் சற்று மேல். எக்ஸெல் மாதிரியான லோட்டஸ் 1-2-3 கணக்கு நிரல் உள்ளேயே பதிந்து வந்தது. நாட்காட்டிக்கும் போன் புத்தகத்துக்கும் தனிப் பட்டன்கள் இருந்தன. அழுத்தியவுடன் விழித்தது, அணைந்திருந்தாலும் அலாரம் அடித்தது. 1997-இல் வந்த சையான் சீரீஸ் 5 இன்னும் ஒரு படி மேல். திறக்கும்போது விசைப்பலகை முன்னால் நகர்ந்து வந்து திரைக்குத் தாங்கலாக நிற்கும். அவ்வளவு சின்ன விசைப்பலகையில் பத்து விரலாலும் தட்டலாம். அதுவும் இரண்டு ஏஏ செல்தான். எனக்கு அந்தக் கருவியின் மேல் இன்றைக்கும் பெரிய மரியாதை உண்டு. இவற்றால் முடிந்ததற்குக் காரணம், முதல் நாளிலிருந்தே உறங்கவும் விழிக்கவும் என்று கட்டப்பட்டவை அவை. இன்றைய குட்டி லேப்டாப்பில் ஓடும் விண்டோஸ், மேசையில் பிளக்கோடு இருக்கும் கம்ப்யூட்டருக்காக வளர்ந்தது. பெட்டியைச் சிறிதாக்கிவிட்டார்கள், உள்ளே இருப்பதன் பழக்கம் மாறவில்லை.

இதைப் பெரிய நிறுவனங்களே செய்து பார்த்திருக்கின்றன. 2006 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் ஓரிகாமி என்ற பெயரில் அல்ட்ரா மொபைல் பிசி வகையை அறிமுகப்படுத்தியது. அதன்படி வந்த சாம்சங் கியூ1-க்கு ஏழு அங்குலத் திரை, எடை கிட்டத்தட்ட 780 கிராம், பேட்டரி மூன்று மணி நேரத்தைத் தாண்டத் திணறியது, விலையும் ஆயிரம் டாலருக்கு மேல். அதே வருடம் சோனி கொண்டுவந்த வயோ யூஎக்ஸ் ஏறக்குறைய அரைக் கிலோ எடையில் முழு விண்டோஸ் எக்ஸ்பியை அடக்கிக் காட்டியது. பொறியியலாகப் பார்த்தால் அற்புதமான வேலை, ஆனால் நாலரை அங்குலத் திரையில் விண்டோஸின் குட்டிப் பட்டன்களைக் குறிபார்த்துத் தொடுவதே ஒரு வேலையாக இருந்தது. 2007-இல் பாம் நிறுவனமே, ஹாக்கின்ஸ் தலைமையில், ஃபோலியோ என்று ஒரு குட்டிக் கணினியை மே மாதம் அறிவித்துவிட்டு, செப்டம்பரில் விற்பனைக்கு வரும் முன்பே கைவிட்டது. அதைக்கூட அவர் சட்டைப்பைக் கருவிக்கு மாற்றாகக் காட்டவில்லை, பையில் இருக்கும் போனுக்குத் துணையாகப் பெரிய திரையும் விசைப்பலகையும் தரும் கருவியாகத்தான் காட்டினார். கடைசியில் டிஜிட்டல் டைரியின் இடத்தைப் பிடித்தது போன். எப்போதும் விழித்திருக்க வேண்டும், குறைந்த மின்சாரத்தில் ஓட வேண்டும் என்பது போனுக்குப் பிறவியிலேயே இருந்த கட்டாயம். அழைப்பு எந்த நேரமும் வரலாம் அல்லவா? மேலே இருந்து சுருங்கி வந்த கம்ப்யூட்டருக்கு வராத குணம், கீழே இருந்து வளர்ந்து வந்த போனுக்கு இயல்பாகவே வந்தது.

எடை, வெயில், கை பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஜிபிடி பாக்கெட் 480 கிராம். சட்டைப்பையில் போட்டால் சட்டையே முன்னால் தொங்கும், குனிந்தால் விழும். உங்கள் பாம் ஏறக்குறைய 160 கிராம்தான் இருக்கும். பழைய கறுப்பு-வெள்ளைப் பாமின் திரை வெளி வெளிச்சத்தையே திருப்பிக் காட்டுவதால் உச்சி வெயிலில் இன்னும் தெளிவாகத் தெரியும். லேப்டாப் திரை அந்த வெயிலில் உங்கள் முகத்தைத்தான் காட்டும். அப்புறம், திறந்து தட்டுகிற கருவிக்கு இரண்டு கை வேண்டும், அல்லது வைக்க ஓர் இடம் வேண்டும். சைட்டில் இரண்டும் எப்போதும் கிடைக்காது. சிமென்ட் தூசி இருக்கும் இடத்தில் காற்றாடி வைத்த லேப்டாப்பைத் திறப்பதையும் யோசித்துச் செய்யுங்கள்.

குட்டி லேப்டாப்பின் பக்கம் இருக்கும் நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். பாமில் நீங்கள் தமிழில் எழுத முடியவில்லை. ஆட்களின் பெயரையெல்லாம் ஆங்கில எழுத்தில்தான் வைத்திருப்பீர்கள். லேப்டாப்பில் தமிழிலேயே எழுதலாம், தமிழிலேயே தேடலாம். ஐந்து வருடம் முன்பு எந்த சைட்டில் எந்த ரேட்டுக்குப் பூச்சு வேலை விட்டோம் என்று தேடி எடுப்பது, அளவுப் புத்தகத்தைச் சாயங்காலம் உட்கார்ந்து எக்ஸெலில் ஏற்றுவது, மாடிப்படி டிராயிங்கைப் பெரிதாக்கிப் பார்ப்பது, எல்லாவற்றுக்கும் ஒரு நகல் எடுத்து வைப்பது: இவற்றில் பாம் அதன் பக்கத்தில்கூட நிற்க முடியாது. டைரி எழுதியதைச் சேர்த்து வைத்து அலசுகிற பாதி வேலைக்கு அது மிக நல்ல கருவி. நின்ற இடத்தில் குறித்துக்கொள்கிற பாதிக்குத்தான் ஆகாது.

உறுதியாகச் சொல்ல முடியாத இடமும் ஒன்று உண்டு. உறங்கும்போது எவ்வளவு மின்சாரம் குடிக்கும் என்பது கருவிக்குக் கருவி மாறும். ஒரே கம்பெனியின் இரண்டு மாடலுக்கே வித்தியாசம் இருக்கும், மென்பொருள் புதுப்பிப்பு ஒன்று வந்தாலும் மாறும். ஆகவே விளம்பரத்தில் போட்டிருக்கும் மணிக்கணக்கை வைத்து முடிவு செய்யாதீர்கள். திருப்பிக் கொடுக்க வசதியிருக்கும் கடையில் வாங்கி, முதல் நாள் இரவு முழு சார்ஜ் செய்து, சார்ஜரைக் கழற்றி, காலைக்கு அலாரம் வைத்து மூடிவிடுங்கள். அலாரம் அடித்ததா, பேட்டரி எத்தனை சதவீதம் குறைந்தது, பை சூடாக இருந்ததா என்று பாருங்கள். இரண்டு மூன்று இரவு அப்படிச் செய்து எல்லாமே சரியாக வந்தால், என் எச்சரிக்கையில் பாதியை அந்த மாடலுக்குத் தள்ளுபடி செய்துவிடலாம். எடையும் வெயிலும் அப்போதும் அப்படியேதான் இருக்கும்.

உங்கள் நிலையில் நான் இருந்தால் செய்வது இதுதான். லேப்டாப் பையில் இருக்கட்டும். டைரிக்கு, வீட்டில் சும்மா கிடக்கும் பழைய சின்ன ஆண்ட்ராய்டு போன் ஒன்றை எடுத்து, சிம் போடாமல், வாட்ஸ்அப் ஏற்றாமல், நாட்காட்டியும் தொடர்புகளும் குறிப்பும் மட்டும் வைத்துக்கொள்வேன். அழைப்பே வராத போன் உங்களை எங்கேயும் இழுத்துக்கொண்டு போகாது. அலாரம் தவறாது, தமிழும் எழுதலாம். சாயங்காலம் வீட்டு வைஃபையில் இணைத்தால் லேப்டாப்பில் இருக்கும் நாட்காட்டியோடு தானே ஒத்துப்போகும். பாமே வேண்டும் என்று இன்னொன்றைப் பழைய சாமான் சந்தையில் தேடுவதாக இருந்தால் ஏஏஏ செல் போடும் மாடலாகப் பாருங்கள். பாம் 5, டங்ஸ்டன் போன்றவற்றின் பேட்டரி உள்ளேயே பொருத்தப்பட்டது. இத்தனை வருடத்தில் பெரும்பாலும் செத்திருக்கும்.

எதை வாங்கினாலும் வாங்காவிட்டாலும், பாமில் இருக்கும் தகவலை இந்த வாரமே வெளியே எடுத்துவிடுங்கள். 2004-க்கு முன் வந்த பாம்களில் நீங்கள் எழுதிய எல்லாமே மின்சாரம் இருக்கும்வரை நிற்கும் நினைவகத்தில்தான் இருக்கும். செல் முழுக்கத் தீர்ந்துவிட்டாலோ, மாற்றும்போது ஒரு நிமிடத்துக்கு மேல் தாமதித்தாலோ அழிந்துவிடலாம். தொடுதிரை தடுமாறுவது இதற்குத் தடையில்லை: கருவியை நிற்க வைக்கும் தாங்கியில் இருக்கும் ஹாட்சிங்க் பட்டனை அழுத்தினால் திரையைத் தொடாமலேயே தகவல் கம்ப்யூட்டருக்குப் போகும். ஒரு சிக்கல் என்னவென்றால், இன்றைய லேப்டாப்களில் வரும் 64-பிட் விண்டோஸுக்கு, கருவியை அடையாளம் காண வேண்டிய யூஎஸ்பி டிரைவர் மென்பொருளை பாம் நிறுவனம் தரவே இல்லை. அதனால் புது லேப்டாப்பில் இதைச் செய்யப் போராடாதீர்கள். தெரிந்தவர் யாரிடமாவது விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் பழைய கம்ப்யூட்டர் இருந்தால் அதில் பாம் டெஸ்க்டாப் நிரலை நிறுவி எடுங்கள், அல்லது லினக்ஸ் தெரிந்த பையன் ஒருவனிடம் ஜே-பைலட் நிரலை வைத்து எடுத்துத் தரச் சொல்லுங்கள். முகவரிகளை வி-கார்டு என்ற பொதுவான முகவரிக் கோப்பாக ஏற்றுமதி செய்தால் எந்தப் போனும் அப்படியே வாங்கிக்கொள்ளும். குறிப்புகளைச் சாதாரண எழுத்துக் கோப்பாகச் சேமித்து வையுங்கள். நாட்காட்டியில் முடிந்துபோன தேதிகளை விட்டுவிட்டு, இனி வரவேண்டியவற்றை மட்டும் ஒருநாள் உட்கார்ந்து கையாலேயே புதியதில் ஏற்றுங்கள். மாற்றி மாற்றிக் கோப்பு வடிவங்களோடு மல்லுக்கட்டுவதைவிட அது சீக்கிரம் முடியும், எந்தத் தேதியும் ஒரு நாள் முன்பின் தள்ளிப்போகவும் செய்யாது. உங்கள் பாமின் பின்பக்கத்தில் மாடல் பெயர் இருக்கும். அதையும், தாங்கியின் வயர் யூஎஸ்பியா பழைய ஒன்பது முனை சீரியலா என்பதையும் எழுதினால், எந்த வழியில் எடுப்பது சுலபம் என்று விவரமாகச் சொல்கிறேன்.